கீரிமலைக் கமக்காரரும் ஐயாயிரம் ரூபாயும்

கையிற் காசாகக் கொடுத்தால் சனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள். கொடுப்பதானால் அரிசியாக, மாவாக, ஆட்டுக்குட்டியாக, மண்வெட்டியாகக் கொடுக்க வேண்டும் என்ற கருத்தை, பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாள் முதலாகக் கேட்டு வருகிறேன். அமைச்சர்கள் சொன்னார்கள். கச்சேரி அதிகாரிகள் சொன்னார்கள். தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களில் வந்திறங்கிய இளைஞர்களும் வேறு சொற்களில் இதையே சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், இப்படிச் சொன்ன உத்தியோகத்தர்களில் அநேகர் மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுபவர்கள், அல்லது பெறப்போகிறவர்கள். மாதம் பிறந்ததும் வங்கிக் கணக்கில் வந்து விழும் அந்தக் காசு தங்களைச் சோம்பேறிகளாக்கிவிடும் என்று அவர்களில் எவராவது அஞ்சியதாக நான் அறியேன்.

யாழ்ப்பாணத்தவர்களாகிய நாம் இந்த விடயத்தில் மற்றவர்களைவிடக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியவர்கள். நமது குடாநாட்டின் பொருளாதாரத்தை ஒரு காலத்தில் 'மணியோடர் பொருளாதாரம்' என்றே அழைத்தார்கள். கொழும்பிலும், அதற்கு முன்னர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும், எழுதுவினைஞராகவும் ரயில்வே உத்தியோகத்தராகவும் பணியாற்றியோர் அனுப்பிய காசில் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள், கோயில்கள் திருப்பணி கண்டன. உழைத்து முடித்து ஊருக்குத் திரும்பிய மலாயன் பென்ஷன்காரருக்கு ஊரில் இருந்த மதிப்பை இன்றைய தலைமுறைக்கு விளக்குவது கடினம். மாதம் தவறாமல் வந்த பணமே அந்த மதிப்பின் அத்திவாரம். பின்னர் உண்டியல் வந்தது. கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் ஒரு தொலைபேசி அழைப்பில் காசு கை மாறியது. ஆக, நிபந்தனை எதுவுமின்றி நேரடியாகக் கையிற் கொடுக்கப்படும் பணம் ஒரு முதியவரின் வாழ்வை என்ன செய்யும் என்பதை நாம் நூறு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் இந்த ஓட்டத்துக்கு வெளியே எப்போதும் ஒருவர் நின்றார். அவர் கமக்காரர். வெளிநாட்டிற் பிள்ளை இல்லாத, அரசாங்க உத்தியோகம் பார்க்காத, மண்ணை மட்டுமே நம்பியிருந்த கமக்காரர். அவருக்கு முதுமையில் என்ன இருந்தது? பிள்ளைகள் இருந்தார்கள், பிள்ளைகளுக்கு மனம் இருந்தால் சோறு இருந்தது. எவரும் அற்றவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பொதுசன மாதாந்த உதவிப்பணத்தை நமது ஊரில் என்ன பெயரால் அழைத்தார்கள் என்பது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 'பிச்சைச் சம்பளம்.' எழுதுவினைஞருக்குப் பென்ஷன். அவருக்கு மூன்று வேளையும் மரக்கறி விளைவித்துக் கொடுத்த கமக்காரருக்குப் பிச்சைச் சம்பளம்! இந்தச் சொற்களுக்கிடையிலான தூரந்தான் இக்கட்டுரையின் பொருள்.

கமக்காரருக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்ற எண்ணம் அரசாங்கத்துக்குத் தோன்றவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் கமக்காரர் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டம் உருவாக்கப்பட்டது. 18 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்ட கமக்காரர் தவணைப் பணம் செலுத்திச் சேரலாம்; 60 வயதுக்குப் பிறகு மாத ஓய்வூதியம் கிடைக்கும். நிதி போதாமல் இத்திட்டம் இடையிலே தடுமாறியது தனிக் கதை. நான் கவனிக்கச் சொல்வது அந்த ஆண்டை. 1987! வடமராட்சியில் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' இராணுவ நடவடிக்கை நடந்த ஆண்டு. இந்திய அமைதிப்படை வந்திறங்கிய ஆண்டு. சட்டம் கொழும்பில் நிறைவேறியது. இங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அந்நாளில் நாற்பது வயதுடைய ஒரு வலிகாமம் வடக்குக் கமக்காரர் எந்த அலுவலகத்துக்குப் போய், எந்த விளைச்சற் காசில், எந்தத் தவணையைச் செலுத்தியிருக்க முடியும்? மூன்று வருடத்தில் அவருக்குத் தோட்டமே இல்லாமற் போயிற்று. யுத்தம் முடிந்து அவர் ஊருக்குத் திரும்பியபோது அவருடைய வயது அறுபதைக் கடந்திருந்தது. சேரும் வயதெல்லை முடிந்துவிட்டது. ஒரு முழுத் தலைமுறைக் கமக்காரர்கள் இந்தத் திட்டத்தின் இரு வாசல்களுக்குமிடையே விழுந்து போனார்கள் என்பதைக் கொழும்பில் எவரும் எழுதி நான் வாசித்ததில்லை.

கீரிமலை என்றதும் நமக்கு நகுலேஸ்வரமும் கேணியும் ஆடி அமாவாசையும் நினைவுக்கு வரும். கடலிலிருந்து சில அடி தூரத்தில் உப்புக் கலக்காத நீர் ஊறும் அந்த அதிசயத்துக்குக் கீரி முகம் கொண்ட முனிவரின் கதையைச் சொல்வோம். புவியியல் ஆசிரியர்கள் சுண்ணாம்புக் கற்பாறையின் கதையைச் சொல்வார்கள். மழை நீர் செம்மண்ணுக்கூடாக இறங்கிச் சுண்ணாம்புப் பாறையின் குகைகளில் தங்கிக் கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. அந்த நீர்தான் கேணியில் ஊறுகிறது, அதே நீர்தான் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளிலும் நிற்கிறது. ஆறு இல்லாத நாட்டில் துலா மிதித்து இறைத்து, செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரவள்ளியும் வாழையும் விளைவித்த சனங்களின் ஊர் அது. பிதிர்க்கடன் கழிக்க வருவோர் கேணியைப் பார்ப்பார்கள்; தோட்டத்தைப் பார்ப்பதில்லை.

1990 ஜூனில் அந்தச் சனங்கள் எழும்பி ஓடினார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் நகுலேஸ்வரம் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானது. காங்கேசன்துறையில் 1950 முதல் இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த ஆண்டோடு மூடப்பட்டது. பிறகு அப்பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் வாழ்ந்த சனங்களுக்குச் சங்கக்கடையில் நிவாரண அட்டைக்கு அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் அளக்கப்பட்டன. 2009 இற்குப் பின் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. 2013 இல் வலிகாமத்தில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டபோது எழுந்த போராட்டங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நகுலேஸ்வரம் 2012 இல் மீண்டும் கும்பாபிஷேகம் கண்டது. காணி இல்லாதோருக்கும் காணி திரும்பக் கிடைக்காதோருக்கும் என 2016 இல் கீரிமலையிலே நல்லிணக்கபுரம் என்ற பெயரில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. பெயர் வைப்பதில் நமது அரசாங்கங்கள் ஒருபோதும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

அங்கே நான் பேசிய முதியவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், எழுதவில்லை. வயது எழுபத்தெட்டு. எழுபதுகளில், ஸ்ரீமாவோ அம்மையாரின் அரசாங்கம் வெங்காயத்தினதும் மிளகாயினதும் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்தில், பன்னிரண்டு பரப்பில் வெங்காயம் வைத்து வீட்டுக்கு நாற்சார் கட்டியவர். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது விழுந்த முதல் அடியையும், 1990 இல் விழுந்த இரண்டாவது அடியையும் வாங்கியவர். இன்று வீட்டுக் காணியும் தோட்டத்தில் ஒரு பகுதியும் கைக்கு வந்திருக்கின்றன. ஆறு பரப்பில் ஒரு பரப்பைத் தன் கையாற் செய்கிறார். மற்றதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். மனைவி இருக்கிறார். மகன் குடும்பத்தோடு அதே வளவில் வேறு வீட்டில் இருக்கிறான், மேசன் தொழில்.

அவருக்கு வருவது முதியோர் கொடுப்பனவு. 70 வயதைக் கடந்த குறைந்த வருமானக்காரருக்கென 2012 இல் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கப்பட்டு, பின்னர் 2,000 ஆகி, 2024 இல் 3,000 ஆகி, 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின் மூலம் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட கொடுப்பனவு இது. ஐயாயிரம் ரூபாயில் இன்றைக்கு என்ன செய்ய முடியும் என்று அவரிடம் கேட்டேன்.

"தம்பி, ஐயாயிரத்தை வைச்சுக் கோட்டையே கட்டப்போறன்? ஆனா மாசத்திலை ஒருநாள் நான் ஆரிட்டையும் கேக்காமல் பஸ்ஸிலை ஏறிப் போய் வாறன்."

இந்த வசனத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். எழுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போக வேண்டும். மருந்து இலவசம், வைத்தியம் இலவசம், பஸ் இலவசமல்ல. மழை நாளென்றால் முச்சக்கர வண்டி. முன்னர் அந்தக் காசுக்கு மகனிடம் கேட்க வேண்டும். மகன் நல்லவன், கொடுப்பான். ஆனால் மகனுக்கு அந்த வாரம் வேலை இல்லாவிட்டால் இவர் கேட்கமாட்டார். கேட்காமலே விட்டுக் கிளினிக் தவறிய மாதங்கள் உண்டு. இப்போது தவறுவதில்லை. பிரஷருக்கான குளிசை ஒழுங்காகப் போகிறது. நேரடிப் பண உதவியால் சுகாதாரம் மேம்படுகிறது என்று அறிக்கைகளில் எழுதுவார்களே, அதன் உள்ளே இருப்பது இதுதான்.

மற்றச் செலவுகளையும் சொன்னார். மரணச் சங்கத்துச் சந்தா. வெற்றிலை. பேத்திக்குக் கோயில் திருவிழாவில் கச்சானும் காப்பும். செத்தவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் வெறுங்கையோடு போகாமல் இருப்பது. இவற்றை 'வீண் செலவு' என்று எண்ணும் அதிகாரிகள் உண்டு. அவர்கள் கிராமத்தில் வாழ்ந்தவர்களாக இருக்க முடியாது. கலியாணத்துக்குப் போகாத கிழவன் அடுத்த வருடம் அழைக்கப்படமாட்டான்; அதற்கடுத்த வருடம் அவன் இருக்கிறானா என்றே எவரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொன்னார். பொருளாதாரம் படித்தவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. வெங்காயம் கிண்டியவுடன் எல்லாரும் ஒன்றாகச் சந்தைக்குக் கொண்டுபோவதால் விலை விழுந்துவிடும். விதைக்கும் பசளைக்கும் வாங்கிய கடனைக் கொடுக்க வேண்டியிருப்பதால் அந்த விலைக்கே விற்க வேண்டும். "இப்ப நாலு அந்தரிலை ஒரு அந்தரைக் கட்டித் தூக்கிவிட எனக்கு ஏலும்" என்றார். ஒரே ஒரு அந்தர். கட்டுகளாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டு, விலை ஏறும் வரை ஒன்றரை மாதம் பொறுத்திருக்கிறார். அந்த ஒன்றரை மாதம் அரிசிக்கும் தேங்காய்க்கும் இந்த ஐயாயிரம் பிடித்து நிற்கிறது. ஐயாயிரத்தின் பெறுமதி ஐயாயிரமல்ல. வியாபாரியிடம் "இண்டைக்கு விக்கேல்லை" என்று சொல்லக்கூடிய சக்தி அது. அரிசி மூட்டையாகக் கொடுத்திருந்தாலும் இதில் ஒரு பகுதி நடந்திருக்கும் என்று வாதிடலாம். ஆனால் அரிசி மூட்டை பஸ்ஸுக்கு ரிக்கற் எடுக்காது.

குடிப்பார்கள் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு வருவோம். உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா என்னும் இரு ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பண உதவி பெற்ற குடும்பங்கள் மதுவுக்கும் புகையிலைக்கும் கூடுதலாகச் செலவிடவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. தென்னாபிரிக்க முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றி எஸ்தர் டூஃப்லோ 2003 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. பாட்டிமாருக்கு ஓய்வூதியம் கிடைத்த வீடுகளில் பேத்திகளின் உடல் நிலை குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தது. தாத்தாமாருக்குக் கிடைத்த வீடுகளில் அந்த விளைவு காணப்படவில்லை! ஆண்களாகிய நாம் இதை அமைதியாக ஏற்றுக்கொள்வோம். இதிலிருந்து எழும் கேள்வி நமது ஊருக்கும் பொருந்தும். கமக்காரர் என்ற சொல்லே ஆணைத்தான் குறிக்கிறது. வெங்காயத்துக்குக் களை பிடுங்கியவர், தாள் வெட்டியவர், கட்டுக் கட்டியவர் யார்? அந்த முதியவரின் மனைவி தன் வாழ்நாளில் எந்தப் பத்திரத்திலும் 'கமத்தொழில்' என்று எழுதப்பட்டவரல்லர். அவருடைய தொழில் என்ற இடத்தில் 'வீட்டுப் பணி' என்றே எழுதப்பட்டிருக்கும்.

இனி இந்த உதவியின் குறைகள். இங்கேதான் எனக்கு அரசாங்கத்தோடு வழக்கு.

2022 ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களின் பணவீக்கம் 95 சதவீதத்தை எட்டியது. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயாயிற்று. தோட்டக்காரன் கிணற்றில் மோட்டார் வைத்து இறைப்பது மண்ணெண்ணெயில். அந்த நாட்களில் முதியோர் கொடுப்பனவு எவ்வளவு? 2,000 ரூபாய். முன்னைய ஆண்டும் 2,000. விலைவாசி குதிரை வேகத்தில் ஓடக் கொடுப்பனவு கட்டுத்தறியில் நின்றது. 5,000 ஆக உயர்ந்ததைக் கொண்டாடுபவர்கள், 2014 இல் அந்த 2,000 எதை வாங்கியதோ அதை இன்று 5,000 வாங்குகிறதா என்று சந்தையில் ஒரு நாள் விசாரித்துப் பார்க்கட்டும். உயர்வு அமைச்சரின் தயவால் வருவதாக இருக்கும் வரை அது பிச்சைச் சம்பளந்தான். விலைச் சுட்டெண்ணோடு தானாக உயர்வதாக இருந்தாற்றான் அதற்கு ஓய்வூதியம் என்று பெயர்.

அடுத்தது அஸ்வெசும. 2023 ஜூலை முதல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு இது வந்தது. சர்வதேச நாணய நிதியம் அவ்வாண்டு மார்ச்சில் அங்கீகரித்த கடன் திட்டத்தின் நிழலில் வந்த பிள்ளை. வீடுகளை 22 அளவுகோல்களால் அளந்து, நிலைமாறுவோர், பாதிக்கப்படக்கூடியோர், வறியோர், மிக வறியோர் என நான்காகப் பிரித்து, முறையே 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என்று கொடுப்பனவு நிர்ணயித்தார்கள். 2025 ஜனவரி முதல் பின்னைய இரண்டும் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் உயர்ந்தன. கட்சிக்காரரின் சிபாரிசுக் கடிதத்தை ஒழித்து அளவுகோலைக் கொண்டுவந்தது நல்ல காரியம் என்றே கருதுகிறேன். சமுர்த்திக் காலத்தில் யார் யாருக்கு முத்திரை கிடைத்தது என்பதைச் செய்தியாக எழுதிக் களைத்தவன் நான்.

ஆனால் அளவுகோல் வீட்டை அளக்கிறது, மனிதனை அளப்பதில்லை. வீட்டின் நிலை ஒரு அளவுகோல். சொத்து ஒரு அளவுகோல். வடக்கிலும் கிழக்கிலும் இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ் சுமார் 46,000 வீடுகள் கட்டப்பட்டன. அதுவும் நேரடிப் பண உதவியே: 550,000 ரூபாய், கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு, வீட்டைக் கட்டுவது அவர் பொறுப்பு. ஒப்பந்தகாரரிடம் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வீட்டைவிட நல்ல வீடு பலருக்குக் கிடைத்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். சீமெந்து விலை ஏறியதாலும், நாலு பேர் மெச்ச ஓர் அறை கூடுதலாகப் போட்டதாலும், கடன்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்போது அந்தச் சீமெந்துச் சுவரே அடுத்த உதவிக்கு எதிரான சாட்சியாக நிற்கக்கூடும். சுவர் உறுதியாக இருக்கிறது, சரி. அடுப்பில் உலை இருக்கிறதா என்பதை எந்த அளவுகோல் அளக்கும்?

அதைவிடப் பாரதூரமானது கால எல்லை. வறியோருக்கும் மிக வறியோருக்கும் மூன்று வருடத்துக்கே கொடுப்பனவு என்று ஆரம்பத்தில் வரையறுத்தார்கள். அதற்குள் அவர்கள் வறுமையிலிருந்து மீண்டுவிட வேண்டுமாம். முப்பது வயதுக் குடும்பஸ்தனுக்கு இந்தத் தர்க்கம் பொருந்தும். எழுபத்தெட்டு வயதுக் கமக்காரர் எண்பத்தொரு வயதில் எந்தத் தொழில் முயற்சியாளராக மாறப்போகிறார்? முதுமை என்பது திட்டம் போட்டு வெளியேறக்கூடிய நிலையல்ல. மறுபரிசீலனை, மேன்முறையீடு, இணையவழிப் பதிவு என்று ஒவ்வொரு சுற்றிலும் முதலில் விழுபவர்கள் கண் தெரியாத, கைத்தொலைபேசி இல்லாத முதியவர்களே.

பசளை மானியத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. நெற்செய்கைக்கு 2016 இல் மூட்டைக்குப் பதிலாக ஹெக்டேயருக்கு வருடம் 25,000 ரூபாய் காசாகக் கொடுத்தார்கள். 2018 இல் அதைக் கைவிட்டு மீண்டும் மூட்டை. பிறகு இலவசம். 2021 இல் இரசாயனப் பசளைக்கே தடை. அவ்வாண்டு முடியுமுன் தடை நீக்கம். பிறகு மீண்டும் காசு. 2024/25 பெரும்போகத்திலிருந்து ஹெக்டேயருக்கு 25,000. காசா மூட்டையா என்று அரசாங்கம் முடிவெடுக்க முடியாமல் தத்தளித்த பத்து வருடம்! இத்தனை மாற்றத்திலும் மாறாமல் இருந்த ஒன்று உண்டு. எல்லாமே நெல்லை மையமாக வைத்து வகுக்கப்பட்டவை. வலிகாமத்துச் செம்பாட்டில் வெங்காயம் வைப்பவனுக்கு வயல் இல்லை. அவன் பசளைக் கடையில் முழு விலை கொடுப்பவன். அவன் வெங்காயம் கிண்டும் நேரத்தில் இறக்குமதி வெங்காயம் துறைமுகத்தில் இறங்கினால், ஐயாயிரம் ரூபாய்க் கொடுப்பனவின் பல மாதத் தொகையை ஒரே வாரச் சந்தையில் இழந்துவிடுவான். ஒரு கையாற் கொடுத்து மறு கையால் எடுப்பது என்பது இதுதான். ஆண்டு முழுவதும் கொடுப்பதைவிட, அறுவடை வாரங்களில் இறக்குமதி வரியை ஒழுங்காக வைத்திருப்பது அவனுக்குப் பெரிய உதவி. அது திறைசேரிக்குச் செலவுமில்லை.

காணி இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகாம்களில் இறுதி வரை எஞ்சியோரிற் பலர் சொந்தமாக ஒரு பரப்பும் இல்லாதவர்கள். மற்றவர் தோட்டத்திற் கொத்தியவர்கள். இந்தியாவில் 2018 இல் தெலுங்கானா 'ரைத்து பந்து' என்று ஏக்கருக்குப் பணம் கொடுத்தபோதும், 2019 இல் மத்திய அரசு வருடம் 6,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோதும், உறுதி வைத்திருப்பவன்தான் விவசாயி என்றாயிற்று. குத்தகைக்குச் செய்பவனும் கூலிக்குக் கொத்துபவனும் வெளியே நின்றார்கள். நமது நாட்டில் கமக்காரர்களுக்கென்று புதிய திட்டம் எது வந்தாலும் அந்தத் தவறு இங்கும் நுழையும். முதியோர் கொடுப்பனவின் சிறப்பே அது உறுதி கேட்பதில்லை என்பதுதான். வயதைக் கேட்கிறது, வருமானத்தைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் 1962 முதல் முதியோர் ஓய்வூதியம் இருக்கிறது. 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். தொகை சிறிது என்று அங்கும் குறைபடுகிறார்கள். ஆனால் அங்கே எவரும் அதை மூன்று வருடத்தில் நிறுத்தப்போவதாகச் சொல்லவில்லை.

பணம் காணிக்கு ஈடாகுமா என்ற கேள்வியை அந்த முதியவரிடமும் அவருடைய அயலவர்களிடமும் கேட்டேன். கேட்டதே தவறு என்பதுபோலப் பார்த்தார்கள். வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணிகள் இன்னும் இருக்கின்றன. விடுவிக்கப்பட்டவற்றிலும் எல்லைக் கல் இல்லை, கிணறு தூர்ந்திருக்கிறது, செம்மண்ணை அள்ளிக்கொண்டு போன இடத்தில் பாறை தெரிகிறது. எனது கவலை என்னவென்றால், மாதம் ஐயாயிரம் கொடுத்துவிட்டோம், இனி என்ன கேட்கிறீர்கள் என்று அரசாங்கம் ஒருநாள் கேட்கக்கூடும். மலாயன் பென்ஷன்காரரிடம் எவரும் பென்ஷன் வாங்குகிறாய்தானே, வீட்டு உறுதியைத் தா என்று கேட்டதில்லை.

செய்ய வேண்டியவை புதியவையல்ல. 1987 முதல் 2009 வரை வடக்கிலும் கிழக்கிலும் தவணை செலுத்த வழியில்லாது போன கமக்காரர்களை, தவணை செலுத்தியவர்களாகவே கருதிக் கமக்காரர் ஓய்வூதியத்திற் சேர்க்க ஒரு திருத்தச் சட்டம் போதும். யுத்த காலத்தில் அரச ஊழியர் கடமைக்குச் செல்ல முடியாத நாட்களுக்கு அரசாங்கம் வழி கண்டது, கமக்காரருக்கும் காணலாம். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிப் பெயரில், தனித்தனிக் கணக்கில் கொடுக்க வேண்டும். அஸ்வெசுமவில் இருந்து 70 வயதைக் கடந்தவர்களை மறுபரிசீலனைப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்க வேண்டும். தொகையை விலைச் சுட்டெண்ணோடு கட்ட வேண்டும். இவற்றை நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் எழுப்பலாம். அரசியல் தீர்வைப் பற்றிப் பேசக் கிடைக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கினால் எந்தக் கொள்கையும் கெட்டுப்போகாது.

இன்னொரு சிறிய விடயம். கொடுப்பனவை எடுக்கப் போகும் முதியவர், பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்குமாக அதில் ஒரு பகுதியைச் செலவழித்து, வங்கியில் பாதி நாள் நின்று, இலக்கத்தை மறந்து, பின்னால் நிற்கும் இளைஞனிடம் அட்டையைக் கொடுத்து எடுத்துத் தரச் சொல்கிறார். மாதத்தில் ஒருநாள் ஒரு தபால் உத்தியோகத்தர் கையொப்பப் புத்தகத்தோடு கீரிமலை வாசிகசாலையில் வந்து இரண்டு மணி நேரம் இருந்தால் இந்த அலைச்சல் தீரும். ஒரு மேசையும் ஒரு கதிரையும் வேண்டும். வாசிகசாலையில் அவை இரண்டும் இருக்கின்றன.